டர்பன் அலமாரியிலிருந்து பின்னோக்கி: மசாலா ஏற்றுமதிக்கான பயணக் குறிப்புகள்

திங்கள், டர்பன்

கிங் ஷாக்கா விமான நிலையம் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனுக்கு வடக்கே லா மெர்சியில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குள் வரும் வழி, ஒரு காலத்தில் கரும்பு விளைந்த பூமி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் இந்தக் கரும்புக்காகக் கூட்டிவரப்பட்டவர்கள்தான். வழியில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோயில். நகருக்குள் நுழைந்தால் கடைப் பலகைகளில் நாயுடு, பிள்ளை, கவுண்டர், மூடலி என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

இதைப் பார்த்ததும் தமிழ்நாட்டிலிருந்து வரும் வியாபாரிக்கு ஒரு தெம்பு வந்துவிடும். "நம்ம ஆளுங்க ஊரு, நம்ம சாம்பார் பொடி தானா ஓடும்" என்று தோன்றும். அந்த நினைப்போடு கொண்டுவந்த சரக்குதான் இங்கே அதிகமாகத் தேங்குகிறது. இங்குள்ள குடும்பங்கள் ஐந்தாறு தலைமுறையாக இந்த மண்ணில் சமைக்கிறவர்கள். வீட்டு மொழி ஆங்கிலம், நாக்கு டர்பன் நாக்கு. அவர்களுக்கு வேண்டியது எண்ணெயில் போட்டதும் சிவக்கும் மிக்ஸ்ட் மசாலா. நம் ஊர் ரசப்பொடி அந்த அடுப்பங்கரையில் விருந்தாளிதான். உறவு பேச்சைத் தொடங்க உதவும். விலையையும் ருசியையும் கடை அலமாரியில்தான் படிக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் முழுக்க அந்த அலமாரியிலிருந்து பின்னோக்கிப் போகும் வேலை பற்றியவை.

டிக்கெட் போடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய மேசை வேலை ஒன்று உண்டு. முதலில் எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எண். மஞ்சள் 0910.30, முழு மிளகாய் வத்தல் 0904.21, இடித்த மிளகாய் அல்லது தூள் 0904.22, ஊதுபத்தி 3307.41. இந்த முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே நம் ஊர் எட்டு இலக்கத்தை அப்படியே வாங்குபவருக்கு எழுதி அனுப்பினால் அவருடைய ஏஜென்ட் குழம்புவார்.

குறியீடு கையில் வந்ததும், நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கைக் காட்டும் ஐடிசி டிரேட் மேப் தளத்தில் தென்னாப்பிரிக்காவை இறக்குமதி நாடாக வைத்து ஐந்து வருடத் தரவைப் பாருங்கள். மொத்தத் தொகையைவிட முக்கியமானது, தொகையை எடையால் வகுத்து வரும் டன் விலை. இந்தியாவிலிருந்து வருவது என்ன விலை, சீனாவிலிருந்து வருவது என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சந்தை மலிவு சரக்கைத் தேடுகிறதா, தரத்துக்குக் காசு கொடுக்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்தியாவின் பங்கு ஏற்கெனவே பெரிதாக இருந்தால், நம் போட்டியாளர் டர்பனில் இல்லை, குண்டூரிலும் குஜராத்தின் உஞ்சாவிலும் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

தீர்வைக்கு ஐடிசியின் இன்னொரு தளமான மார்க்கெட் ஆக்சஸ் மேப் ஒரு தொடக்கம் மட்டுமே. கடைசி வார்த்தை தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸ் வெளியிடும் தீர்வை அட்டவணை. அதில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரு பத்தி, சாடெக் என்ற தென் ஆப்பிரிக்க வட்டாரக் கூட்டமைப்பு நாடுகளுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக இருக்கும். இந்தியச் சரக்கு 'ஜெனரல்' பத்தியில் வரும். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாட்டினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். அந்த ஒன்றியத்தோடு இந்தியாவுக்குச் சலுகை ஒப்பந்தம் எதுவும் முடிவாகவில்லை. எனவே சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் நம் மூலச் சான்றிதழ் தீர்வையை ஒரு ராண்ட்கூடக் குறைக்காது. வாங்குபவரோ வங்கியோ கேட்டால் கொடுக்க மட்டும் அது தேவை.

இந்தியப் பக்கத்துக் காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டு வணிக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் ஐஇசி எனும் ஏற்றுமதி இறக்குமதி எண் எடுக்க 500 ரூபாய். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விவரத்தை உறுதி செய்யாவிட்டால் அது முடங்கிவிடும். முடங்கியது பெரும்பாலும் சுங்கத்துக்கான ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில் போடும் அன்றுதான் தெரியவரும். ஏற்றுமதிப் பணத்தைக் கையாளும் வங்கியின் அடையாள எண்ணான ஏடி கோடை, சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் நீங்கள் பயன்படுத்தும் துறைமுகத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். சென்னைக்குப் பதிந்தது தூத்துக்குடிக்குத் தானாக வராது. மசாலா என்றால் ஸ்பைசஸ் போர்டு ஏற்றுமதியாளர் பதிவு, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம். ஐஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம். அது நிதியாண்டோடு முடியும், ஏப்ரலில் புதிதாகப் போட வேண்டும்.

செவ்வாய், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்

மார்க்கெட் உள்ளே கோபுரம் மாதிரி குவித்த மசாலாக் குவியல்கள். ஆரஞ்சிலிருந்து கருஞ்சிவப்பு வரை படிப்படியாக நிறம் இறங்குகிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு பலகை. மிகக் காரமானதுக்கு 'மதர் இன் லா எக்ஸ்டெர்மினேட்டர்' என்று பெயர், மாமியாரை ஒழிக்கும் தூள். சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுத்து, கொஞ்சம் வாங்கியும் போகிறார்கள். இந்த விலையை நோட்டில் எழுதாதீர்கள். இது பயணிக்குச் சொல்லும் விலை. இங்கே பார்க்க வேண்டியது நிறம். குவியல் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பசையோடு ஒட்டும் ஆழ்ந்த சிவப்பு, அதைத்தான் இந்த ஊர் 'நல்ல மசாலா' என்கிறது.

அங்கிருந்து பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் மொத்தக் கடைகள். அங்கேதான் நோட்டைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி: பொருள், நிகர எடை, விலை, பேக் செய்தவர் முகவரி, எந்த நாட்டுப் பொருள், கடைசித் தேதி. ஐம்பது பாக்கெட் இப்படி எழுதினால் ஊரின் வியாபாரப் படம் கிடைத்துவிடும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் முக்கியம். மசாலாத் தூளில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலேயே அரைத்துப் பேக் செய்தவை. இந்த ஒரு தகவல் வியாபாரத்தின் திசையையே மாற்றும். நாம் தேட வேண்டிய முதல் வாடிக்கையாளர் கடைக்காரரா, மில்காரரா? மசாலாவில், தொடங்குகிற ஆளுக்கு, மில்காரர்தான் என்பது எங்கள் தீர்மானம். அவருக்குப் பிராண்ட் வேண்டாம், வண்ணப் பை வேண்டாம். 25 கிலோ சாக்கில் ஒரே தரமாக, சொன்ன தேதிக்கு வந்தால் போதும்.

மில்காரர் மிளகாய்க்கு மூன்று எண் கேட்பார்: நிறத்துக்கு ஆஸ்டா, காரத்துக்கு எஸ்எச்யு, ஈரப்பதம். "நல்ல குவாலிட்டி சார்" என்ற பதில் இங்கே செல்லாது. நிறத்துக்குப் பியாடகி, காரத்துக்குத் தேஜா என்று இரண்டையும் கலந்து தன் மசாலாவின் நிறத்தைப் பிடிப்பவர்கள் உண்டு. ராமநாதபுரம் முண்டு 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அது பெருமைதான். ஆனால் அந்தச் சான்றைக் காட்டி விலை ஏற்ற இங்கே முடியாது, மூன்று எண்ணையும் காட்டித்தான் விற்க வேண்டும். மஞ்சளுக்குக் குர்குமின் சதவீதம், ஈரப்பதம், அதோடு ஈயக் குரோமேட் இல்லை என்ற பரிசோதனை. பளபளப்புக்காகச் சாயம் ஏற்றிய விரலி மஞ்சள் ஒரே ஒரு தடவை பிடிபட்டால் போதும், அந்த வாங்குபவர் அத்தோடு போய்விடுவார்.

இப்போது கணக்கு. 100 கிராம் தூள் பாக்கெட் அலமாரியில் 30 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் அலமாரி விலைக்குள்ளேயே 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) அடங்கியிருக்கும். 30ஐ 1.15ஆல் வகுத்தால் 26.09. அதில் கடைக்காரர் தன் விற்பனை விலையில் 30 சதவீதம் எடுத்தால் அவர் வாங்கும் விலை 18.26. மொத்த வியாபாரி 20 சதவீதம் எடுத்தால் 14.61. அந்த 14.61க்குள்தான் கப்பல் கூலி, தீர்வை, துறைமுகச் செலவு, லாரி எல்லாம் அடங்க வேண்டும். அவற்றுக்கு 2.61 போனால் தூத்துக்குடியில் கப்பலேற்றும் விலை, அதாவது எஃப்ஓபி, 12 ராண்ட். அலமாரி விலையில் நாற்பது சதவீதம்.

நிறைய பேர் 30 சதவீதத்தைக் கழிக்காமல் கூட்டிவிடுகிறார்கள். 18.26ல் 30 சதவீதம் கூட்டுவதும், 26.09ல் 30 சதவீதம் கழிப்பதும் ஒன்றல்ல. கடைக்காரர் 'மார்ஜின்' என்றால் விற்பனை விலையில் சொல்கிறாரா, கொள்முதல் விலையில் சொல்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு குழப்பத்தில் மொத்த லாபமும் கரைந்துவிடும்.

புதன், சாட்ஸ்வொர்த்

சாட்ஸ்வொர்த் நிறவெறி ஆட்சியில் இந்திய வம்சாவளியினரைக் கொண்டுவந்து குடியேற்றிய பகுதி. இங்குள்ள பலசரக்குக் கடைகளில் விலைச் சீட்டு உண்மையைப் பேசும், ஏனென்றால் இது உள்ளூர்க்காரர் தினசரி வாங்கும் இடம். கல்லாவில் இருக்கும் பெண்மணியை எல்லோரும் "ஆன்ட்டி" என்கிறார்கள். வயதான ஆணானால் "அங்கிள்". நாமும் அப்படியே கூப்பிட்டுக் கேட்டால் எந்தச் சரக்கு வாரத்தில் எத்தனை அட்டைப்பெட்டி போகிறது என்று தயங்காமல் சொல்வார்கள்.

பருப்பு அலமாரியில் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. அரிசி, துவரை மாதிரிப் பருப்புகள், உலர்ந்த பீன்ஸ் இவற்றில் பலவும் பூஜ்ய வாட் பட்டியலில் வருபவை. மசாலாவுக்கு முழு 15 சதவீதம். ஆகவே பருப்புக்கும் மசாலாவுக்கும் ஒரே கணக்குத் தாளைப் போடக் கூடாது. பட்டியலில் எந்தெந்தப் பருப்பு எந்த வடிவில் இருக்கிறது என்று வாங்குபவரின் கணக்கரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த நாளின் உண்மையான பாடம் ஒரு பெருங்காய டப்பா. வெள்ளைப் பிளாஸ்டிக், மஞ்சள் மூடி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. முன்பக்கம் இந்தியாவில் அச்சடித்தது. பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரை மேலே ஒட்டியிருக்கிறார்கள், ஓரம் லேசாகப் பிரிந்திருக்கிறது. ஸ்டிக்கரில் உட்பொருள் பட்டியல், அதில் கோதுமை மாவு தடித்த எழுத்தில். ஏன் தனி ஸ்டிக்கர்? கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது நமக்குச் சாதாரணம். தென்னாப்பிரிக்காவின் 2010ஆம் ஆண்டு உணவு லேபிள் விதி, ஆர் 146 என்று இங்கே எல்லோர் வாயிலும் வருவது, கோதுமையை ஒவ்வாமைப் பொருளாகக் காட்டச் சொல்கிறது. அதே பெருங்காயம் சேர்த்த சாம்பார் பொடியிலும், முறுக்கு மாவிலும் அந்த வரி வர வேண்டும். உட்பொருளில் 'பெருங்காயம்' என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் சரக்கு நிற்கும்.

லேபிளில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், எடை அளவில் இறங்கு வரிசையில் உட்பொருட்கள், ஒவ்வாமைப் பொருள், மெட்ரிக் நிகர எடை, எந்த நாட்டுப் பொருள், தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தேதி, தனிப் பாதுகாப்பு முறை தேவைப்பட்டால் அதுவும். "சர்க்கரை நோய்க்கு நல்லது", "ரத்தத்தைச் சுத்தப்படுத்தும்" என்று நம் ஊர்ப் பையில் சர்வசாதாரணமாக அச்சடிக்கும் வரிகளை எடுத்துவிடுங்கள். மருத்துவக் குணம் சொன்னால் அது உணவா மருந்தா என்ற வேறு வழக்காகிவிடும். ஸ்டிக்கரை டர்பனில் ஒட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இங்கே ஆள் கூலி கூடுதல். ஒட்டுவதற்கு இடம் இல்லாமல் இந்தியத் தேதியை மறைத்து ஒட்டினால் அது தனிச் சிக்கல். வடிவமைப்பை வாங்குபவருக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே அச்சுக்குப் பிளாக் போடுங்கள்.

ஹலால் முத்திரை பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. டர்பன் மசாலா வியாபாரத்தில் முஸ்லிம் வியாபாரிகளின் பங்கு பெரிது. பாக்கெட்டுகளில் தென்னாப்பிரிக்க ஹலால் அமைப்பான சான்ஹாவின் முத்திரையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வெறும் மிளகாய் மஞ்சளுக்குக்கூட வாங்குபவர் கேட்டால் சான்றிதழ் எந்த அமைப்பிடமிருந்து வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

வியாழன், துறைமுகம்

காலையில் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் லாரி வரிசை. இந்தத் துறைமுகத்தின் நேரத்தை நம்பி வியாபாரத் தேதி கொடுக்கக் கூடாது. 2021 ஜூலையில் கலவரமும் அதே மாதம் துறைமுகத்தை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீதான சைபர் தாக்குதலும், 2022 ஏப்ரலில் பெருவெள்ளம், 2023 நவம்பரில் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்த கப்பல் கூட்டம் என்று அடுத்தடுத்து அடி. தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறித்தான் வரும். கடலில் மூன்று முதல் ஐந்து வாரம், இறங்கி வெளியே வர இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால்தான் கடைக்காரருக்குச் சொன்ன சொல் காப்பாற்றப்படும்.

கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் காட்டும் வரிக் கணக்கு, புதியவர் எல்லோரும் சறுக்கும் இடம். இங்கே சுங்க மதிப்பு எஃப்ஓபி அடிப்படையில். 1,00,000 ராண்ட் சரக்கு, தீர்வை 20 சதவீதம் என்று வையுங்கள். தீர்வை 20,000. வாட் போடும்போது சரக்கு மதிப்பின்மேல் 10 சதவீதம் கூட்டிக்கொள்வார்கள். 1,00,000 + 10,000 + 20,000 = 1,30,000. அதில் 15 சதவீதம் 19,500. ஆக எல்லையில் கட்ட வேண்டியது 39,500. அந்த 10 சதவீதத்தை விட்டுவிட்டுப் போட்டால் வாட் 18,000 என்று வரும், 1,500 துண்டு விழும். வாட் பதிவு உள்ள இறக்குமதியாளர் அதைப் பின்னால் வரவு வைத்துக்கொள்வார். ஆனாலும் அன்றைக்குப் பணம் கையை விட்டுப் போகிறது. புது வாங்குபவர் சின்னச் சரக்குக்கும் தவணை கேட்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான், நேர்மைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காகிதங்களில் பொருந்தாமைதான் பெரிய எதிரி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), தாவரச் சுகாதாரச் சான்று நான்கிலும் வாங்குபவர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'பிடிஒய் லிமிடெட்' என்ற ஒட்டு ஒன்றில் விடுபட்டாலும் ஏஜென்ட் திருத்தம் கேட்பார், அதற்குள் கன்டெய்னருக்குக் கட்டணம் இல்லாத இலவச நாட்கள் கரையும். டெமரேஜ் என்பது கன்டெய்னர் துறைமுகத்துக்குள் கிடப்பதற்கு, டிடென்ஷன் என்பது வெளியே எடுத்துப் போய்க் காலியாகத் திருப்பாமல் வைத்திருப்பதற்கு. இரண்டும் தனித்தனி மீட்டர். யார் கட்டுவது என்பதை, ஆர்டருக்கு முன் கொடுக்கும் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மரப் பலகை, பேலட் எல்லாம், மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரையோடு இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு பேலட்டுக்காக முழுக் கன்டெய்னரும் நிற்கும். 2016 ஜூலை 1 முதல் விஜிஎம், அதாவது சரிபார்த்த மொத்த எடை, சொல்லாமல் எந்தப் பெட்டியும் கப்பலேறாது. அந்த எடையும் பேக்கிங் லிஸ்ட் எடையும் முரண்பட்டால் கேள்வி வரும்.

மசாலாவில் பரிசோதனை இல்லாமல் அனுப்பாதீர்கள். தென்னாப்பிரிக்க விதிப்படி உணவில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு மொத்தம் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 5 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. மிளகாய் இதில் எளிதாகத் தாண்டும், காரணம் களத்தில் சரியாகக் காயாதது. மழை பிடித்த வத்தலை மேலே காய்ந்ததாகக் காட்டி உள்ளே ஈரத்தோடு கட்டினால், மூடிய கன்டெய்னர் வெயிலிலும் கடல் குளிரிலும் மாறி மாறிப் போகும்போது அந்த ஈரம் கூரையில் திரண்டு சொட்டும். மேல் அடுக்குச் சாக்கில் கறுப்புப் புள்ளி, அதிலிருந்து பூஞ்சை. ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். கூரையடியில் கிராஃப்ட் தாள், பக்கவாட்டில் உறிஞ்சும் பைகள், தரையில் பேலட். ஏற்றும் அன்று கன்டெய்னருக்குள் ஒருவர் நின்று கதவை மூடச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கட்டும். ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம்.

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு வாயு காரணமாகச் சில இந்திய மசாலாக்கள்மீது நடவடிக்கை எடுத்தபின், உலகம் முழுக்க வாங்குபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "ஸ்டீம் ஸ்டெரிலைசேஷன் (நீராவியால் கிருமி நீக்கம்) செய்தது" என்று சொல்ல முடிந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

20 அடிப் பெட்டியின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். நடைமுறையில் 26 முதல் 28 வரைதான் நிரம்பும். விரலி மஞ்சள் எடையால் நிரம்பும், முழு வத்தல் இடத்தால் நிரம்பும். அவ்வளவு சரக்கு இல்லையென்றால் எல்சிஎல், அதாவது பிறர் சரக்கோடு ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்வது. அதில் ஒரு கன மீட்டரா ஆயிரம் கிலோவா, எது அதிகமோ அதற்குக் கூலி. எல்சிஎல்லில் கப்பல் கூலி கம்மி மாதிரித் தெரியும், டர்பன் கிடங்கில் பிரித்து எடுக்கும் கட்டணம்தான் கையைக் கடிக்கும். இரு முனையின் கட்டணத்தையும் எழுத்தில் வாங்காமல் விலை சொல்லாதீர்கள். கூடவே யார் சரக்கு வருகிறது என்று கேளுங்கள். ஊதுபத்தியோடு ஒரே பெட்டியில் வந்த மல்லி, கடைசி வரை ஊதுபத்தியாகவே மணக்கும்.

வெள்ளி, வாங்குபவர்கள்

யாரோடு பேசினாலும் முதலில் மூன்று எண். நிறுவனங்களையும் வணிக முத்திரைகளையும் பதியும் அரசு அமைப்பான சிஐபிசியின் நிறுவனப் பதிவு எண், வருடத்தில் தொடங்கி தனியார் நிறுவனமென்றால் 07 என்று முடியும். வாட் எண், பத்து இலக்கம், 4ல் தொடங்கும், சார்ஸ் தளத்தில் பெயரோடு சரிபார்க்கலாம். மூன்றாவது அவருடைய சுங்க இறக்குமதிப் பதிவு எண். இது இல்லாதவரால் சரக்கை எடுக்கவும் முடியாது, அவருடைய வங்கி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதும் சிக்கலாகும். மூன்றும் இருப்பவரிடம் பழைய சப்ளையர் ஒருவரின் தொடர்பு கேளுங்கள். நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அரசு டெண்டர் என்ற பெயரில் வரும் மின்னஞ்சலில் எச்சரிக்கை வேண்டும். பெரிய அளவு, பேரம் இல்லாத விலை, உடனே முன்பதிவுக் கட்டணம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது மோசடி. தென்னாப்பிரிக்க அரசு முகவரி 'ஜிஓவி டாட் இசட்ஏ' என்று முடியும். அதோடு ஒரு எழுத்தை மாற்றி வைத்திருப்பார்கள், கண்ணில் படாது. சந்தேகம் என்றால் டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கு எழுதுங்கள்.

பணம்: முதல் சரக்குக்கு 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்ததும் என்பது பொதுவாகப் படியும். மூல பில் ஆஃப் லேடிங்கை மீதிப் பணம் வரும்வரை விடாதீர்கள். எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) என்றால் அதற்கான சர்வதேச யுசிபி 600 விதிகளைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். காகிதங்களைக் கப்பலேறிய 21 நாளுக்குள், எல்சி காலாவதிக்கும் முன், வங்கியில் கொடுக்க வேண்டும். சரக்கு அளவை '500 சாக்கு' என்று எழுதினால் ஒரு சாக்கு குறைந்தாலும் முரண். '12,500 கிலோ' என்று எழுதினால், எல்சி தொகையைத் தாண்டாத வரை, 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு இருக்கிறது. தவணைக்கு விடுவதாக இருந்தால், ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் ஈசிஜிசியின் வரம்பைச் சரக்கு புறப்படுமுன் வாங்குங்கள்.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபியைவிட எஃப்சிஏ, அதாவது வாங்குபவரின் கப்பல் ஏஜென்டிடம் ஒப்படைப்பதோடு நம் பொறுப்பு முடியும் முறை, பொருத்தம். நாம் சரக்கை ஒப்படைப்பது கிடங்கில்தான், ஆனால் எஃப்ஓபியில் கப்பலேறும்வரை நஷ்டப் பொறுப்பு நம் தலையில். கூலியும் காப்பீடும் சேர்த்த சிஐஎஃப் விலை சொன்னால், சர்வதேச வணிக நிபந்தனைகளான இன்கோடெர்ம்ஸ் 2020 கேட்பது குறைந்தபட்ச 'சி' காப்பீடு மட்டுமே. ஈரத்துக்கும் சொட்டலுக்கும் பயப்படும் மசாலாவுக்கு 'ஏ' வகையை, இன்வாய்ஸ் மதிப்பில் 110 சதவீதத்துக்கு எடுங்கள்.

மாதிரி கொடுக்கும்போது ஒரே லாட்டிலிருந்து மூன்று பை, மூன்றையும் முத்திரையிட்டு: ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று நமக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு. பின்னால் "மாதிரி வேற, சரக்கு வேற" என்ற சண்டை வந்தால் ஆய்வகத்தில் இருக்கும் அந்தப் பைதான் நியாயம் சொல்லும்.

சனி, சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்

காய்கறி, கறிவேப்பிலை, முருங்கைக்காய், கோழி என்று கூட்டம் நெரிகிறது. எங்கள் வேலை பூஜைச் சாமான் கடைகளில். இங்கே தமிழ்க் குடும்பங்களின் வழிபாடு உயிரோடு இருக்கிறது. தைப்பூசக் காவடி, பெரிய வெள்ளி அன்று கூடும் மாரியம்மன் கோயில் கூட்டம், ஆடிக் கஞ்சி, புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகள், தீபாவளி. விளக்கு, குங்குமம், கற்பூரம், சாம்பிராணி எல்லாம் இந்த நாட்காட்டியில்தான் ஓடுகின்றன.

கற்பூரத்தில் கவனம். செயற்கைக் கற்பூரம் ஆபத்தான சரக்கு, யுஎன் 2717, வகுப்பு 4.1 (எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள்). பூஜைப் பெட்டிக்குள் விளக்குத் திரியோடு நாலு கட்டி கற்பூரம் வைத்து 'பூஜைப் பொருள்' என்று மட்டும் எழுதி அனுப்புவது, கப்பலில் தீப்பிடித்தால் மொத்தப் பொறுப்பையும் நம் தலையில் ஏற்றும். கரி சேர்ந்த கப் சாம்பிராணிக்கும் இதே விசாரணை உண்டு, கரி வகுப்பு 4.2 (தானாகத் தீப்பிடிக்கக்கூடியவை) பக்கம் போகும். பாதுகாப்புத் தரவுத் தாளை முதலில் கப்பல் கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். தொடங்குகிறவர்கள் கற்பூரம் இல்லாத பெட்டியாகவே போடலாம். மாவிலை, தர்ப்பை, சாணத்தில் செய்த பொருள் எதையும் பெட்டியில் சேர்க்காதீர்கள். தாவர, கால்நடை அனுமதி என்று ஒன்று இரண்டாகும். நெய்யும் அப்படித்தான். தேன் என்றால் கதிர்வீச்சுப் பாய்ச்சியதாக இருக்க வேண்டும்.

புரட்டாசிச் சரக்கு ஆகஸ்ட் நடுவில் டர்பன் கிடங்கில் இருக்க வேண்டும். துறைமுகத்துக்கு இரண்டு வாரம், கடலுக்கு ஐந்து வாரம், பரிசோதனைக்கும் பேக்கிங்குக்கும் மூன்று வாரம் கழித்தால் ஆர்டர் ஜூன் முதல் வாரத்தில் உறுதியாக வேண்டும். லேபிள் ஒப்புதல் அதற்கும் முன், மே மாதத்தில். அக்டோபரில் வந்து இறங்கும் புரட்டாசிச் சரக்கை அடுத்த வருடம் வரை யாரும் தொட மாட்டார்கள்.

திங்கள், ஜொகன்னஸ்பர்க்

டர்பனிலிருந்து என்3 சாலையில் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஃபோர்ட்ஸ்பர்க், ஓரியன்டல் பிளாசா, லெனேசியா மூன்றும் பார்க்க வேண்டியவை. உள்நாட்டு வாங்குபவர் சரக்கை, கடலில்லாமல் உள்நாட்டில் கன்டெய்னர் இறக்கும் சிட்டி டீப் உலர் துறைமுகத்துக்குக் கேட்டால் விலையில் அந்தத் தூரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வணிகக் கண்காட்சிகளும் இங்கே நடக்கும்.

துணிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நெய்த துணிக்குப் பொதுவாக 22 சதவீதத் தீர்வை, தைத்த ஆடைக்குப் பொதுவாக 45. தைக்காத சுடிதார் துணியாக அனுப்புவதும் தைத்து அனுப்புவதும் ஓரியன்டல் பிளாசாவில் விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று இதிலேயே தெரியும். சேலைக்குக் குறியீடு நூல் வகையைப் பொறுத்து மாறும். ஆர்டருக்கு முன் சார்ஸிடம் தீர்வை நிர்ணயம் கேட்கும்படி வாங்குபவரிடம் சொல்லுங்கள். நூல் கலவை, எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற இரண்டும் சீட்டில் தைத்திருக்க வேண்டும்.

சொந்தப் பிராண்டில் பாக்கெட் போடப் போகிறவர்கள் வணிக முத்திரையை வாங்குபவர் பெயரில் பதிய விடாதீர்கள். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் முத்திரை பதியும் மாட்ரிட் முறையில் தென்னாப்பிரிக்கா இல்லாததால் இந்தியப் பதிவைக் காட்டி இங்கே நீட்டிக்க முடியாது. சிஐபிசியில் நேராக, உள்ளூர் வழக்கறிஞர் மூலம், மசாலாவுக்கு வகுப்பு 30ல் விண்ணப்பிக்க வேண்டும். ஏக விநியோக ஒப்பந்தம் கேட்டால் மாநிலம், காலம், குறைந்தபட்சக் கொள்முதல் அளவு மூன்றையும் எழுதிக் கொடுங்கள். டர்பன் இருக்கும் குவாசுலு நேட்டாலுக்கு ஒரு வருடம், அளவு எட்டாவிட்டால் உரிமை தானாக முடியும் என்பது இரு பக்கத்துக்கும் நியாயமான தொடக்கம்.

முதல் சரக்காக ஒரே பொருள், ஒரே மில்காரர். மஞ்சளோ மிளகாயோ, 25 கிலோ சாக்கில், பேலட் போட்டு எல்சிஎல்லில் இரண்டு மூன்று டன். அந்தச் சரக்கின் ஒவ்வொரு செலவுச் சீட்டையும் கிளியரிங் ஏஜென்டிடமிருந்து நகல் வாங்கி, செவ்வாய்க்கிழமை போட்ட கணக்கின் பக்கத்தில் வையுங்கள். 2.61 என்று எழுதிய இடத்தில் உண்மை எண் வந்த பிறகு முழுக் கன்டெய்னருக்கு விலை சொல்லலாம்.